சீதாவாக்கையும் கரவனெல்லையும்: காரில் ஒரு பகற்பிரயாணம்

தொழிலின் நிமித்தமாகத் தமிழ்நாட்டை விட்டு வந்து கொழும்பிலே இரண்டொரு வருஷம் குடியிருக்க நேர்ந்தவர்களில் பெரும்பாலோர், விடுமுறை வாய்த்த போதெல்லாம் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் விரைவதும், ஒரே பகலில் போய்த் திரும்பிவிட வேண்டுமென்ற ஆவலால் பொழுதில் முக்காற்பங்கை வீதியிலே கழித்துவிட்டு, பார்க்கப் போன பொருளை அரைமணி நேரத்தில் அவசரமாகப் பார்த்துக் களைப்போடு வீடு சேர்வதும் வழக்கமாயிருக்கிறது. கண்டியும் அநுராதபுரமும் இரவு தங்கிப் பார்க்க வேண்டிய ஸ்தலங்கள். காலையில் புறப்பட்டு அந்திக்குள் வீடு திரும்ப விரும்புவோருக்கு ஏற்ற இடம் வேறொன்று இருக்கிறது. கொழும்பிலிருந்து கிழக்கே களனி கங்கையின் பள்ளத்தாக்கைப் பற்றிச் செல்லும் வீதியில், அவிசாவளைக்கு அருகே, பதினாறாம் நூற்றாண்டில் ஒரு சிங்கள மன்னன் எடுப்பித்த சிவாலயம் முற்றுப்பெறாத நிலையில் நிற்கிறது; அதற்கப்பால் சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், றப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே, கரவனெல்ல என்னும் ஆற்றங்கரை ஊர் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்து வரலாம்.

பிரயாண நூல்கள் இப்பிரதேசத்தைச் சிவனொளிபாத மலைக்கோ கித்துல்கலைக்கோ போகும் வழி என்ற அளவிலே சொல்லி நிறுத்திவிடுகின்றன. என் அபிப்பிராயம் வேறு. இலங்கையில் அந்நியராகக் குடியிருக்கும் தமிழர் ஒருவர், இத்தேசத்துக்கும் தம் தேசத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அரண்மனை வழியாகவும் அறியலாம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கூலி லயத்தின் வழியாகவும் அறியலாம் என்பதை ஒரே வீதியில் கண்டுகொள்வதற்கு, இதைப் போன்ற பிரயாணம் மற்றொன்று கொழும்புக்கு இவ்வளவு அருகில் இல்லை.

புறப்படுமுன்

முதலில் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் வாங்கிய சாரதி அனுமதிப்பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இலங்கை வீதியில் கார் ஓட்டலாகாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டு வந்தவர்கள் அதைக் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் சங்கத்தில் கொடுத்து ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். இல்லாதவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். இந்த வேலையைப் பிரயாணத்துக்கு முன்தினம் செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைக்காமல், குடிவந்த முதல் மாதத்திலேயே முடித்துக்கொள்வது விவேகம். கடவுச்சீட்டின் பிரதியும் குடியிருப்பு விசாவின் பிரதியும் காரிலே இருக்கட்டும்.

இங்கேயும் இடப்புறமாகவே ஓட்டுவதால் தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கையும் காலும் தடுமாறா. ஆனால் மனம் சில விஷயங்களில் புதிதாகப் பழக வேண்டும். பாதசாரிக் கடவையிலே ஒருவர் கால் வைத்துவிட்டால் கார் நின்றே தீர வேண்டும். அவர் கடந்து முடிகிற வரையில் ஹார்ன் அடிப்பது அநாகரிகம். முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிவது சட்டம். ஊர்களுக்குள்ளே 50 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 70 கிலோமீட்டர் என்பது கார்களுக்குரிய வேக எல்லை. ஆயினும் அவிசாவளைக்கு அப்பாலுள்ள வளைவுகளிலே அந்த எழுபதை எட்ட நினைப்பவர் வீதியை அறியாதவர். தனியார் பஸ்கள் முந்திக்கொண்டு வரும்போது ஒதுங்கி வழிவிடுவதில் யாதொரு மானக்குறைவும் இல்லை. பாடசாலைகள் பகல் ஒன்றரை மணிக்கு விடுகின்றன. அந்த வேளையில் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் வீதியோரத்தில் வரிசையாக நடந்து செல்வார்களாதலால், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி வரை எங்கேனும் உட்கார்ந்து உணவருந்திக்கொண்டிருப்பதே உத்தமம்.

காலத்தைத் தெரிந்தெடுப்பதில்தான் இப்பிரயாணத்தின் சுகதுக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. களனிப் பள்ளத்தாக்கின் இம்மேற்பகுதி, இலங்கையிலே மிக அதிகமான மழை பெறும் இடங்களுள் ஒன்று. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை மழை விட்டுவிட்டுப் பெய்யும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலைப்பொழுது தெளிவாயிருந்து பிற்பகலில் இடியும் மழையுமாகக் கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே சிறந்தது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத யாத்திரைக் காலமாகையால், இரத்தினபுரி வழியாகப் போகிற யாத்திரிகரும் ஹட்டன் வழியாகப் போகிற யாத்திரிகரும் அவிசாவளையில் வந்துதான் பிரிய வேண்டியிருக்கிறது. சனி ஞாயிறுகளிலும் பௌர்ணமி விடுமுறையாகிய போயா தினங்களிலும் பஸ்களும் வான்களும் அந்நகரத்தை நிறைத்துவிடுகின்றன. ஆகவே ஜனவரி முதல் மார்ச்சுக்குள், வாரநாள் ஒன்றில் விடுப்பு எடுத்துக்கொண்டு போகக் கூடியவர்கள் பாக்கியசாலிகள்.

மழைக்காலத்தில் போயே ஆக வேண்டியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் மண்சரிவுக்குப் பேர்போனவை. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கவில் மலையொன்று சரிந்து கிராமங்களையே மூடிற்று. அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியவிலும், தோட்டத்து லயங்களின் மேல் மண் சரிந்து உயிர்கள் மாண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த அறிவிப்பில் கேகாலை மாவட்டத்தின் பெயர் காணப்பட்டால், எத்தனை நாள் திட்டமிட்டிருந்தாலும், எத்தனை பேர் கூடியிருந்தாலும், பிரயாணத்தைத் தள்ளி வைப்பதைத் தவிர வேறு யோசனைக்கு இடமில்லை.

இவை தவிரக் கொண்டு செல்ல வேண்டியவை சொற்பமே: குடை, குடிநீர், வழுக்காத செருப்பு, அட்டைக் கடிக்கு உப்பு அல்லது எலுமிச்சம்பழம். ஈரமான புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். அதனால் பயமொன்றுமில்லை, பிடித்து இழுக்காமல் உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.

அவிசாவளை வரை

கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு இரண்டு வீதிகள் இருக்கின்றன. நுகேகொடை, மஹரகம, ஹோமாகம, கொஸ்கம வழியாகச் செல்வது மேல்மட்ட வீதி. கடுவெல, ஹன்வெல்ல வழியாக ஆற்றை ஒட்டிச் செல்வது கீழ்மட்ட வீதி. முன்னதில் வாகன நெரிசல் அதிகம். பின்னது களனி கங்கையின் தோழமையோடு போவதால் போகும்போது அதையே தெரிந்தெடுக்கும்படி சொல்வேன். எந்த வழியானாலும் ஏறக்குறைய ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான்; காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்குள் அவிசாவளையில் இருக்கலாம். ஏழு மணிக்குப் பின் புறப்படுவோருக்கு நகரத்தை விட்டு வெளியேறுவதற்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

அவிசாவளையில் காலை உணவை முடித்துக்கொள்ளலாம். இடியாப்பமும் பொல் சம்பலும் பருப்பும் கிடைக்காத கடை இல்லை. வீதிப்பலகைகளில் சிங்களத்தோடு தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் வழி தப்புவதற்கு ஏதுவில்லை. எனினும் கைத்தொலைபேசியின் படத்தை நம்பிக் குறுக்கு வழிகளில் நுழைவதைவிட, சந்தியில் நிறுத்தி முதியவர் ஒருவரை விசாரிப்பது இரட்டிப்புப் பயன் தரும். இப்பகுதியில் தமிழ் தெரிந்தவர்கள் பலர்.

பெரெண்டி கோவில்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வீதியில் திரும்பி, சீதாவாக்கை கங்கையின் பாலத்தைக் கடந்ததும் இடப்பக்கமாகப் பிரியும் சிறு வழியில் போனால், ஆற்றின் மேட்டுக்கரையிலே பெரெண்டி கோவில் இருக்கிறது. பைரவர் கோவில் என்றாலும் ஊரார் அறிவார்கள். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள்.

கோபுரத்தையும் விமானத்தையும் எதிர்பார்த்துச் செல்பவர் முதற்பார்வையில் ஏமாற்றமடைவார். இங்கே அவை இல்லை. உயர்ந்த மேடையும், அதன்மேல் கருங்கல்லில் செதுக்கிய அதிஷ்டானமும், சுவர்களின் கீழ்ப்பாகமும், அரைத்தூண்களும், சிதறிக் கிடக்கும் கற்களுமே இன்று நாம் காண்பவை. ஆயினும் அந்த அதிஷ்டானத்தின் அருகே போய்க் குனிந்து பார்க்கும்போது, தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றி வளர்ந்த கண்ணுக்கு, அந்த வரிவரியான அடுக்குகளும் விளிம்புகளும் அரைத்தூண்களின் முகமும் எங்கோ பார்த்துப் பழகியவையாகத் தோன்றும். அடுத்த கணத்திலேயே, அவற்றினிடையே உள்ள பறவை உருவங்களும் பூவேலையும் சிங்களக் கைவினைக்கே உரியவை என்பதும் புலப்படும். உளி பட்ட விளிம்புகள் பல இன்றும் கூர் மழுங்காமல் இருக்கின்றன. மழையும் வெயிலும் பாசியும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் அக்கல்லை வெல்லவில்லை.

இதைக் கட்டியவன் சீதாவாக்கை மன்னன் முதலாம் ராஜசிங்கன். அவனது கதையை அறியாமல் இக்கற்களைப் பார்ப்பதில் பயன் குறைவு. ஆதலால் காரில் வரும்போதே குடும்பத்தாருக்கு அதைச் சொல்லிக்கொண்டு வருவது நல்லது. 1521ஆம் ஆண்டில் கோட்டை அரசன் விஜயபாகுவைக் கொன்று அவன் குமாரர் மூவரும் ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது, மூத்தவனான புவனேகபாகுவுக்குக் கோட்டையும், இளையவனான மாயாதுன்னைக்குச் சீதாவாக்கையும், மற்றவனுக்கு றைகமையும் கிடைத்தன. கோட்டை அரசன் போர்த்துக்கேயரின் துணையை நாடினான்; மாயாதுன்னையோ அறுபது ஆண்டுகள் ஆண்டு, அந்த அந்நியரை எதிர்ப்பதையே தன் வாழ்நாட் காரியமாகக் கொண்டான். அவனுடைய புதல்வனாகிய ராஜசிங்கன் முல்லேரியாப் போர்க்களத்தில் போர்த்துக்கேயரை முறியடித்து, 1581இல் அரியணை ஏறி, கண்டியையும் கைப்பற்றி, 1587-88ஆம் ஆண்டுகளில் கொழும்புக் கோட்டையை நீண்ட முற்றுகைக்கு உள்ளாக்கினான். ஐரோப்பியரை இத்தீவிலிருந்து அடியோடு வெளியேற்றிவிடும் தருவாய்க்கு அவனைப்போல் நெருங்கி வந்த அரசர் சிலரே.

அப்படிப்பட்டவன் பௌத்தத்தை விட்டுச் சைவத்தைத் தழுவினான். மகாவம்சத்தின் பிற்பகுதி அதற்கு ஒரு காரணம் கூறுகிறது: தந்தையைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரம் உண்டா என்று அவன் பிக்குகளைக் கேட்டதாகவும், அப்பாவம் தீராது என்று அவர்கள் விடை சொல்லவே சினமுற்றுச் சைவத் துறவிகளைச் சரணடைந்ததாகவும், சிவனொளிபாத மலையின் வருமானத்தை அவர்களுக்கு உரிமையாக்கியதாகவும் அந்நூல் சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் அம்மலை மீண்டும் பிக்குகளின் பொறுப்புக்கு வந்தது. தந்தையைக் கொன்ற கதையைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் ஐயுறுகிறார்கள். அறுபதாண்டு ஆண்ட முதியவரைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன என்பது நியாயமான கேள்வியே. என் மட்டில், கொலைக் கதையை விட்டுவிட்டாலும், அரசியலுக்காகவும் மனச்சாந்திக்காகவும் தென்னிந்தியாவை நோக்கிய ஓர் அரசன், அத்தேசத்துச் சமயத்தையும் சிற்ப மரபையும் தன் தலைநகருக்கு வரவழைத்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. கல் இருக்கிறது, கல்லைக் காட்டிலும் வலிய சாட்சி எது?

ராஜசிங்கன் 1593இல் இறந்தான்; மூங்கிற் சிராய் காலில் குத்தி விஷமேறி இறந்தான் என்பது மரபு. அவனோடு சீதாவாக்கை ராஜ்யமும் குலைந்தது. கோயில் நிறைவெய்தவே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் தொல்பொருள் ஆய்வாளராயிருந்த எச். சி. பி. பெல், கேகாலை மாவட்டத்தைப் பற்றி 1892இல் எழுதிய அறிக்கையில் இதை விரிவாக வர்ணித்துள்ளார்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இக்கோயிலைக் கண்டதும் ‘இது நம்முடையது’ என்று பெருமிதம் கொண்டு பேசத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். ‘சிங்கள தேசத்தில் நமக்கு என்ன இருக்கிறது’ என்று அசட்டையாகத் திரும்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பொருந்தா. சிங்கள மன்னன் ஒருவன், சிங்களப் பிரஜைகளின் உழைப்பால், சிவபெருமானுக்கு எடுப்பித்த ஆலயம் இது. அதே அரசனுடைய அவையிலே அழகியவன்ன என்னும் சிங்களக் கவி, சேவலைத் தூதாக அனுப்பும் ‘செவுல் சந்தேசய’ என்ற காவியத்தைப் பாடினான். சீதாவாக்கையிலிருந்து புறப்பட்டு இரத்தினபுரியிலுள்ள சமன் தேவாலயம் வரை அந்தச் சேவல் போகிற வழியெல்லாம் அதில் வருணனையாக விரிகிறது. தூதுப் பிரபந்தங்களை அறிந்த தமிழர் அதைக் கேட்டு வியக்கமாட்டார், மகிழ்வார். இரு மொழிகளும் இரு சமயங்களும் ஒன்றையொன்று அறிந்திருந்த காலம் ஒன்று இவ்வாற்றங்கரையில் இருந்தது என்பதை உணர்ந்து, உரிமை கொண்டாடாமலும் ஒதுங்கி நில்லாமலும் ஒரு மணி நேரமாவது அங்கே அமர்ந்திருப்பதே இந்த ஸ்தலத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

காலை வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல்கள் தெளிவாகத் தெரியும். பத்து மணிக்குமேல் வெளிச்சம் உச்சிக்கு ஏறியபின் அவ்வளவு சோபிக்காது. பிள்ளைகளுடன் செல்பவர்கள் ஆளுக்கொரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, பிடித்தமான ஓர் உருவத்தை வரையச் சொன்னால், படம் எப்படி அமைந்தாலும், பார்வை கூர்மையடையும். கற்கள்மேல் ஏறுவதும், பெயர் கீறுவதும், சிறு துண்டொன்றை நினைவாக எடுத்து வருவதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் செய்யத் தகாதவை.

கரவனெல்லைக்குப் போகும் வீதி

கோயிலை விட்டு மீண்டும் ஹட்டன் வீதியில் ஏறி, தெஹியோவிட்டவைக் கடந்து கரவனெல்லையை நோக்கிச் செல்லும்போது, இருபுறமும் றப்பர் மரங்கள் வரிசை பிடித்து வரும். கிளைகளின் நிழல் வீதியிலே விழுந்து பகலையும் பச்சையாக்கும். காலை நேரமாயின், மரத்துக்கு மரம் சென்று பட்டையைச் சீவிச் சிரட்டை வைத்துப் பால் வெட்டுபவர்களைக் காணலாம்; அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையேல் அன்றைய சம்பளமும் குறையும். ஆகையால் நமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் மழை, இவ்வீதியில் வாழும் குடும்பத்துக்கு உலை கொதிப்பதையே நிர்ணயிக்கும் விஷயம்.

பிரேசில் தேசத்து றப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் இலங்கைக்கு நாற்றுகளாக வந்து, ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கு றப்பர் தேவைப்பட்டபோது, களனிப் பள்ளத்தாக்கு அப்பயிரின் பேரிடமாயிற்று. தோட்டச் சரக்கை இறக்குவதற்காகவே கொழும்பிலிருந்து அவிசாவளை வரை குறுகிய பாதை ரயில் போடப்பட்டு, 1903இல் யட்டியாந்தோட்டை வரை நீண்டது. கரவனெல்லையில் அதற்கு ஒரு நிலையம் இருந்தது. அக்கிளைப்பாதை 1942இல் மூடப்பட்டது; அவிசாவளை வரையுள்ள பாதை அகலப்படுத்தப்பட்டு இன்றும் ஓடுகிறது. காரில்லாதவர்கள் ரயிலில் அவிசாவளை வந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ ஓட்டோவிலோ கோவிலுக்குப் போகலாம்.

இத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டு வந்தவர்கள் கங்காணிமார். ஆட்கள் வந்த ஊர்கள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அடங்கிய சப்பிரகமுவத்தின் தமிழர், நுவரெலியாப் பக்கத்தாரைப்போலத் திரளாக வாழாமல், சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டந்தோட்டமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். ஆதலால் சிங்களம் சரளமாகப் பேசுகிறார்கள். தமிழ்ப் பாடசாலைகளோ சிறியவை, தூரத்தூரம் அமைந்தவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை, இவர்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அவ்வாறு கப்பலேறியவர்களில் பால் வெட்டத் தெரிந்த பல குடும்பங்கள் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் றப்பர்த் தோட்டங்களில் மறுபடியும் அதே கத்தியைக் கையிலெடுத்தன. நாம் சம்பளமும் விசாவும் பெற்று ஓரிரு வருஷம் தங்குகிற அந்நிய தேசத்தில், இவர்கள் சில தலைமுறை உழைத்தும் அந்நியரென்றே எண்ணப்பட்டார்கள். பிரஜாவுரிமைத் தொல்லை இப்போது தீர்ந்துவிட்டது. லயத்து வீடும் நிலமற்ற நிலையும் பெரும்பாலும் தீரவில்லை.

எனவே வீதியோரத்தில் லயங்களைக் கண்டால் காரை நிறுத்திப் புகைப்படம் எடுக்க முனையாதீர்கள். அது ஒருவருடைய வீட்டு வாசல். தேநீர்க் கடையிலோ கோவில் முன்றிலிலோ சந்திக்கும் பெரியவரை ‘ஐயா’ என்றும் பெண்களை ‘அக்கா’, ‘அம்மா’ என்றும் அழைத்து, ஊரையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரித்தால், தாமாகவே பேசுவார்கள். ‘இந்தியாவில் எந்த ஊர்?’ என்பது அவர்களுடைய முதற்கேள்வியாக இருக்கும். தம் பாட்டனாருடைய கிராமத்தின் பெயரை மட்டும் அறிந்து, அதை ஒருநாளும் பாராதவர்கள் பலர் உண்டு. அப்பெயரை நீங்கள் அறிந்திருந்தால் அங்கே இப்போது மழை எப்படி, ஏரி எப்படி, பஸ் போகிறதா என்றெல்லாம் சொல்லுங்கள். கோயிலைப் பார்ப்பதற்கு ஒதுக்கிய அதே அளவு நேரத்தை இதற்கும் ஒதுக்குவது இப்பிரயாணத்தின் பிரதான நிபந்தனை என்றே கருதுகிறேன்.

பாலமும் ருவன்வெல்லையும்

கரவனெல்லையில் களனி கங்கையைக் கடக்கும் பாலத்தின் காட்சியைப் பழைய ஆங்கில வழிகாட்டி நூல்கள் மிகவும் சிலாகித்துள்ளன, அப்புகழ்ச்சி தகுதியானதே. மரங்கள் அடர்ந்த கரைகளினிடையே ஆறு வளைந்து வருகிறது, அதற்கு மேலே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகி மறைகின்றன. பாலத்தின்மேல் காரை நிறுத்தாமல், கடந்து சென்று ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். ஆற்றில் இறங்குவதை மட்டும் நான் அநுமதியேன். மேலே லக்ஷபானைப் பகுதியில் நீர்மின் தேக்கங்கள் உள்ளன. மலையில் பெய்யும் மழையும் அங்கே திறந்துவிடப்படும் நீரும் சேர்ந்து, இங்கே வானம் தெளிந்திருக்கும் போதே ஆறு சடுதியில் உயர்ந்துவிடும்.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், குருகொட ஓயா களனி கங்கையுடன் கலக்கும் இடத்தில், ருவன்வெல்ல இருக்கிறது. கரையோர ஆட்சிக்கும் கண்டி ராஜ்யத்துக்கும் எல்லைப்புறமாயிருந்த பிரதேசம் இது. அக்காலத்தில் கொழும்பிலிருந்து ஆற்றின் வழியே படகுகள் இவ்வளவு தூரம் வரும். 1800ஆம் ஆண்டில் ஜெனரல் மக்டோவல் தலைமையில் கண்டி அரசவைக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழு, சீதாவாக்கையையும் ருவன்வெல்லையையும் கடந்தே போயிற்று. அக்குழு காணச் சென்ற அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழிவந்தவன். 1815இல் சிறைப்பட்டு, வேலூரில் 1832இல் மாண்டவன். வேலூர்ப் பாலாற்றங்கரையிலுள்ள அவன் சமாதியைப் பார்த்த தமிழ்நாட்டார், அக்கதையின் முன்பாதியை இவ்வீதியில் நினைத்துக்கொள்ளலாம். ருவன்வெல்லையில் பிரிட்டிஷார் காலத்துக் கோட்டையின் வளைவு வாசல் இன்னும் நிற்கிறது. அதன் உட்புறத்தில் பிரயாணிகள் தங்கும் வாடிவீடு அமைந்திருக்கிறது. பகலுணவுக்குப் பொருத்தமான இடம். சோறும் கறியும் சொன்னால் பரிமாறுவதற்குச் சற்று நேரம் ஆகும். அந்த அவகாசத்தில் வாசலையும் மதிற்சுவரையும் பார்த்து முடிக்கலாம்.

அரசியல் சரித்திரத்தில் நாட்டமுள்ளவர்கள் அறிய வேண்டியது ஒன்று. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது நிவாரண வேலையில் இறங்கிய இளைஞர்களுள் ஒருவரான என். எம். பெரேரா, 1936இல் இந்த ருவன்வெல்லத் தொகுதியிலிருந்துதான் அரசுச் சபைக்குத் தெரிவானார். இலங்கையின் இடதுசாரி இயக்கம் சட்டசபைக்குள் நுழைந்த வாசல்களுள் ஒன்று இது. மற்றொன்று பிலிப் குணவர்தனவைத் தெரிந்தெடுத்த அவிசாவளை.

திரும்பும் வேளை

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குக் கித்துல்கலையின் ஆசை எழும். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத் திரைப்படத்தை எடுத்த இடமும், கற்கால மனிதரின் எலும்புகள் கிடைத்த பெலி லென குகையும் அங்கேதான் உள்ளன. அவற்றுக்கு மற்றொரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பகலில் இரண்டு இடங்களுக்குமேல் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் கரவனெல்லையில் தங்க வேண்டாம். அதற்குப் பின் மழை பிடித்தால் வளைவுகளில் பார்வை மங்கும். ஐந்து மணியானால் கொழும்பின் எல்லையிலே வேலை விட்டுத் திரும்பும் வாகனங்களுக்கு எதிராகச் செல்ல வேண்டியிருக்கும். திரும்பும்போது ஹன்வெல்லயிலிருந்து கடுவெல வழியாகவே வாருங்கள். றம்புட்டான் காலமாயின் வழியோரக் குவியல்களில் பேரம் பேசாமல் வாங்கலாம். விலை நியாயமாகவே இருக்கும்.

அவசரத்தில் நினைவிருக்க வேண்டிய இலக்கங்கள் மூன்று: பொலிசுக்கு 119, இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990, மழை வெள்ளம் மண்சரிவு பற்றிய தகவலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. இவ்வழியில் அவிசாவளையிலும் கரவனெல்லையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன.